பாலாற்றுத் தோல்: பெயர் யாருக்கு, உப்பு யாருக்கு

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவு வருவது பிரியாணி. தோல் அடுத்ததாகத்தான் வரும். அதுவும் பலருக்கு, பெங்களூர் ரயில் அந்த ஊர்களைக் கடக்கும்போது மூக்கில் ஏறுகிற வாடையாக மட்டும். இத்தனைக்கும் இந்தியத் தோல் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்தே போகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. 2019 நவம்பரில் அந்த மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. தோல் ஊர்களும் பிரிந்து போயின: வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரில், பேரணாம்பட்டு வேலூரில், மேல்விஷாரமும் வாலாஜாவும் இராணிப்பேட்டையில். நிர்வாகம் பிரித்ததைப் பாலாறு பிரிக்கவில்லை. ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிய ஒரே தொழில் நாடு அது.

ஒரு பொருளால் பேர்பெற்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகள் உலகில் சில உண்டு. போர்த்துக்கல்லின் டோரோ ஆற்றுச் சரிவுகளில் விளையும் திராட்சை மது, கடலோரத்தில் அது கப்பலேறிய போர்ட்டோ நகரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் போகிறது. 1756இலேயே அந்நாட்டு அரசு அந்தப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்து, எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று விதித்தது. 2001இல் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மண், நீர், வெயில், கைப்பக்குவம் நான்கும் சேர்ந்து ஒரு பொருளுக்குக் குணம் தருகின்றன, ஆகவே பெயரும் அந்த மண்ணுக்கே சேரும் என்பது அதன் நியாயம். பாலாற்றுப் பள்ளத்தாக்குத் தோலுக்கும் இந்த நியாயம் பொருந்துமா? பொருந்தும் என்றால், ஆம்பூரில் தைத்த செருப்பு லண்டன் கடையில் ஏன் வேறொருவர் பெயரில் விற்கிறது? இந்த மரபைக் கொண்டாடுவதாக இருந்தால் எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும்?

முதலில் ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடல் சேர்கிறது பாலாறு. ஓடுகிறது என்பது ஒப்புக்குச் சொல்வது. ஆண்டில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல்தான்; தண்ணீர் மணலுக்கு அடியில் போகும். மணலைத் தோண்டினால் ஊற்று. அந்த ஊற்றை வாய்க்காலாக வெட்டி வயலுக்குக் கொண்டுபோன ஊற்றுக்கால்களை நம்பித்தான் வட ஆற்காட்டின் பல ஊர்கள் விவசாயம் செய்தன. வெள்ளம் வந்தால் பேய்த்தனமாக வரும். 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடி அழிந்தது. 2021 நவம்பரிலும் இரு கரை தொட்டு ஓடியது. இடைப்பட்ட நாட்களில் ஆற்றின் உயிர் மணலுக்குக் கீழேதான். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் முக்கியம்: இங்கே தரையில் கொட்டுவது எதுவும் கடலுக்கு அடித்துக்கொண்டு போகாது, இறங்கி, கிணற்றில் நிற்கும்.

தோல் வேலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு சேரியிலும் செத்த மாட்டை உரித்துப் பதனிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் செருப்பைவிட முக்கியமானது கவலை. மாடு கட்டி இறைக்கும் கிணற்றில் தண்ணீரை அள்ளி வந்து வாய்க்காலில் ஊற்றியது தோல் சாலும் அதன் நீண்ட தோல் வாலும்தான். கவலைத் தோல் கிழிந்தால் அன்றைக்கு நீர் இல்லை. அதைச் செய்து கொடுத்து, பழுது பார்த்தவருக்குக் கூலி களத்து நெல்லாகப் போனது. ஆக, தோலும் கிணறும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று வாழவைத்தவை.

கிராமத் தேவைக்கான இந்த வேலை, கப்பலேறும் சரக்காக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். புதுச்சேரி வழியாகச் சென்னைக்கு வந்த டி சூசா என்ற பிரெஞ்சுக் கலப்பினத்தவர் பழைய முறையைச் செப்பனிட்டார் என்று தோல் வரலாறுகள் சொல்கின்றன. முறையைச் செப்பனிட்டவர் அவராகவே இருக்கட்டும். முறைக்கு அடிப்படையான ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த மண்ணுடையவை. தரிசிலும் கரம்பிலும் யாரும் விதைக்காமல் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையில் தோலை இறுக்கும் துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. உப்பிட்டு வந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டி: முடி வேர் தளரும்வரை நாட்கணக்கில். சாய்ந்த கட்டையின்மேல் போட்டு, இருபுறமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் முடியை வழித்து, மறுபுறம் சதையைச் சீவுவார்கள். இது கைக் கணக்கு. ஒரு மயிரிழை ஆழம் கூடினால் தோல் ஓட்டை. சுண்ணாம்பைக் கழுவிய பின் பட்டைச்சாறு நிரம்பிய தொட்டிகளில் மெல்லிய சாற்றிலிருந்து கெட்டிச் சாற்றுக்கு மாற்றி மாற்றிப் போட வேண்டும், நாள்தோறும் புரட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்புறம் இறுகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். கடைசியில் கடுக்காய் நீர், அதன் மேல் எண்ணெய், பிறகு நிழலில் உலர்த்தல். மொத்தம் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகும். வெளிறிய மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், மிருதுவாக, எந்தச் சாயத்தையும் ஏற்கும் தோல் கிடைக்கும். கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக ஈ.ஐ. என்று வணிகத்தில் பேர் வாங்கியது இதுதான்.

டோரோ மதுவுக்குச் சொல்லும் நியாயம் இந்தத் தோலுக்கு முழுக்கப் பொருந்தியது. பட்டை இங்கத்தியது, காய் இங்கத்தியது, ஊற்று நீர் இங்கத்தியது, கத்தி பிடித்த கை இங்கத்தியது. இறுதி மெருகு மட்டும் இங்கே இல்லை. சாயமும் பளபளப்பும் ஏறாத நிலையில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போய், அங்கே ஏலத்தில் விற்று, அங்கத்திய ஆலைகளில் மெருகேறி, அங்கத்திய பெயரில் கடைக்குப் போனது. முதல் நாளிலிருந்தே இந்தச் சரக்கில் ஊர் பெயர் கிடையாது.

ஏன் இந்த ஊர்களில்? பல காரணங்கள் ஒன்றுகூடின. மைசூர்ப் பீடபூமியும் ஆந்திர எல்லையும் பக்கம், ஆடுமாடு அதிகம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. தண்டவாளம் அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடியைத் தொட்டு மேற்கே போனது. தோல் கெட்டுப்போகுமுன் வரவும், பதமானபின் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குப் போகவும் வழி கிடைத்தது. இவை எல்லாம் வேறு ஊர்களுக்கும் வாய்த்திருக்கலாம். வாய்க்காதது, ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் இங்கே வேரூன்றிய முஸ்லிம் வணிகச் சமூகம். ஆம்பூர்ப் போரில் 1749இல் நவாப் அன்வருத்தீன் கான் மாண்டார். பின்னாளில் அரசும் போனது, குடிகள் இருந்தார்கள். சாதி இந்துக்களில் பணம் வைத்திருந்தவர்கள் தோலைத் தொட மாட்டார்கள். முஸ்லிம்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே முதல் அவர்களுடையது, தொட்டியில் இறங்கிய கால்கள் தலித்துகளுடையவை. தீண்டாமை இந்தத் தொழிலில் ஒரு பக்கத்துக்கு ஏகபோகத்தையும் இன்னொரு பக்கத்துக்குப் புண்ணான கைகளையும் கொடுத்தது. இதைச் சொல்லாமல் பாலாற்றுத் தோலின் வரலாற்றை எழுத முடியாது. விழா மலர்களில் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

வணிகர் செய்த நன்மையையும் மறைக்கக் கூடாது. தோல் காசில் எழுந்த பள்ளிகள், மதரசாக்கள், மருத்துவமனைகள் இந்த ஊர்களெங்கும் உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. ஒரு சிற்றூருக்கு அந்தக் காலத்தில் கல்லூரி என்பது சாதாரணமல்ல. மேல்விஷாரத்து சி. அப்துல் ஹக்கீம் வறுமையிலிருந்து தோல் வணிகத்தில் உயர்ந்து வள்ளல் என்று பேரெடுத்தவர். அவர் பெயரில் அவ்வூரில் கல்லூரி இருக்கிறது. சென்னை சென்ட்ரல் எதிரே பயணிகள் தங்கும் சித்திக் சராய் அவர் கட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை, அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை பெற்றது, ஒரு மாத வேலையை ஓரிரு நாளில் முடித்தது. அமெரிக்க ஆலைகள் சென்னையின் ஆட்டுத்தோலைப் பச்சையாகவே அள்ளிக்கொண்டு போயின. உள்ளூர்ப் பட்டைத் தொட்டிகள் திணறின. சென்னை மாகாணத் தோல் தொழில் பற்றி 1904இல் தனி நூலே எழுதிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், அரசுச் செலவில் இங்கேயே குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். முதலில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? கவலைக்கு. தண்ணீரில் கிடந்தாலும் குரோம் தோல் அழுகாது. விவசாயி விரும்பி வாங்கினார். அதே சாட்டர்டன்தான் எண்ணெய் எஞ்சின் பம்புகளையும் ஊக்குவித்தார். பம்பு வந்ததும் கவலையே போயிற்று. கிணற்றுக்கு உதவ வந்த குரோம் பிறகு கிணற்றை என்ன செய்தது என்பது அவர் காலத்துக்குப் பிந்திய கதை. குரோம்பேட்டை என்ற சென்னைப் புறநகரின் பெயர் அந்தக் காலத்துக் குரோம் தோல் ஆலையின் மிச்சம்.

முதல் உலகப்போரில் படைவீரர் பூட்சுகளுக்கு ஈ.ஐ. தோல் மலையாகத் தேவைப்பட்டது. போர் முடிந்த 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். பேரரசுக்குள் பதனிட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆவாரை போதாமல் வாட்டில் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் மரம் நட்டார்கள். இன்று அந்த மலைகளின் சோலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்கும் வாட்டில் காடுகளில் இந்தத் தொழிலின் கைரேகையும் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் புகழ்பெற்ற இயக்குநர் ஒய். நாயுடம்மா ஆய்வகத்தையும் தோல் தொட்டியையும் ஒன்றோடொன்று பேசவைத்தவர். ஆனால் பள்ளத்தாக்கைப் புரட்டிப் போட்டது ஆராய்ச்சியல்ல, ஏற்றுமதிக் கொள்கை. பதப்பட்டும் மெருகேறாத தோலை விற்று, லாபத்தை வெளிநாட்டுக்கு விட்டுக்கொடுப்பானேன் என்று 1972இல் சீதாராமையா குழு கேட்டது. பச்சைத் தோலும் அரைகுறைத் தோலும் வெளியே போவதைப் படிப்படியாகத் தடுத்து, முழுமையாக்கிய தோலும் காலணியும் போகட்டும் என்றது. நியாயமான கேள்விதான், அதன் பயனாகத்தான் ஆம்பூரில் ஷூ ஆலைகள் வந்தன, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டம் இறுகி, தோலை ஊறவைத்துப் பதனிடும் ஈர வேலை செய்யும் ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன. அவர்கள் கைகழுவிய பகுதி இங்கே வந்து இறங்கியது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்தப் படியின் கழிவும் நம் வீட்டுக்கு வந்தது. பெயர்ப்பலகை மட்டும் அங்கேயே நின்றது.

ஈ.ஐ. தோலுக்கு 2008 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தபோது அந்த முறையைக் காப்பாற்றி வைத்திருந்தவை பெரும்பாலும் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தொட்டிகள். வேலூர் வட்டாரம் ஏற்கெனவே குரோம் டிரம்முக்கு மாறிவிட்டிருந்தது.

இனி தண்ணீர். தோல் தொழிலின் குற்றமென்றால் எல்லோரும் குரோமியம் என்கிறார்கள். குரோமியம் பொல்லாததுதான். ஆனால் பாலாற்று விவசாயியைக் கேட்டால் உப்பு என்பார். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் கணிசமான பங்கு உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். ஊறவைக்கும் முதல் நாளே அந்த உப்பு முழுதும் தண்ணீரில் இறங்கிவிடும். குரோமியத்தை மருந்து போட்டுப் படியவைக்கலாம். கரைந்த உப்பை எந்தச் சாதாரணச் சுத்திகரிப்பும் பிரிக்காது. அது மணல் வழியே இறங்கி ஊற்றைச் சேர்ந்தது. தென்னை காய்ப்பு குறைந்தது, நெல் கருகியது, கிணற்று நீர் சோற்றுக்கு ஆகாமல் போனது. ஒரு கிலோ தோல் முழுமையடைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போயிற்று என்றும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரங்கள் சொல்லின.

அந்த வழக்கு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் மனப்பாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாக எழுதப்பட்டது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அப்போது பெயர் கொண்டிருந்த இந்த மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. உலகச் சட்டநூல்களில் வேலூருக்கு இடம் வாங்கிக் கொடுத்தது தோலல்ல, கெட்டுப்போன கிணறு.

சட்டநூலில் கிடைத்த இடம் ஊரில் எவ்வளவு கிடைத்தது? இழப்பு ஆணையம் 2001இல் கணக்கிட்டபடி வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றின் வாழ்நாளுக்கு இந்தத் தொகை. அதுவும் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. கணக்கிட்ட ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த கேட்டுக்குக் கணக்கே இல்லை. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தொடர்ந்து கண்காணிக்கவும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள்.

ஆலைக்காரர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தீர்ப்புக்குப் பின் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். பெரும் செலவு அது. சிறிய ஆலைகள் அதில்தான் மூழ்கின. சரி, காய்ச்சிய பின் மிஞ்சுவது என்ன? உப்பு. குளோரைடும் சல்பேட்டும் கலந்த, யாரும் வாங்காத உப்பு. கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடக்கிறது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு இப்போது கூரைக்கடியில் இருக்கிறது. நிச்சயம் முன்னேற்றம்தான், முடிவல்ல. உண்மையான தீர்வு தோலில் உப்பைக் குறைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்: ஊறவைக்குமுன் உதறி எடுப்பது, குளிரூட்டிப் பாதுகாப்பது, தண்ணீரே அதிகம் வேண்டாத பதனிடல். இவற்றுக்கான வழிகளை நம் ஆராய்ச்சி நிலையமே சொல்லி ஆண்டுகள் ஆயின.

இராணிப்பேட்டை தனிக் கதை. அங்கே குரோமேட் ரசாயனம் செய்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது, 1.5 லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு திறந்த வெளியில் அப்படியே கிடந்தது. உலகின் மிக மாசுபட்ட இடங்கள் என்று 2006இல் ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் தொழிற்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். சேரியின் கால்கள் தொட்டியிலிருந்து மெல்ல விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

விலகியவர்கள் எங்கே போனார்கள்? கொஞ்சம் பேர் பள்ளிக்கூடம், அரசு வேலை, ராணுவம் என்று. பெண்கள் ஷூ ஆலைக்கு. காலையில் ஊர் ஊராக நிறுவனப் பேருந்துகள் ஏற்றிக்கொண்டு போகும் அந்தக் கூட்டம்தான் இன்றைய தோல் வட்டாரத்தின் முகம். செருப்பின் மேல்பகுதியை, அப்பர் என்பார்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் கையில் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஜோடிக் கணக்கில் கூலி. வருகைப் பதிவு இல்லை, சேமநலநிதி இல்லை. வெளிநாட்டு விளம்பரத்தில் 'கையால் தைத்தது' என்பது விலையை உயர்த்தும் வாசகம். அந்தக் கை எந்த ஊர்க் கை என்று அட்டைப்பெட்டியில் இருக்காது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் போராட்டத்தை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. இந்தப் பக்கத்துத் தலித் வாழ்வைப் பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவன் எழுதியிருக்கிறார். மரபு என்று பேசுகிறவர்கள் ஆலை முதலாளிகளின் வரலாற்றோடு இவற்றையும் சேர்த்துப் படிக்கலாம்.

கடைசியில் பிரியாணிக்கு வருவோம். அதுவும் இந்த வரலாற்றின் கிளைதான். நவாபுச் சமையலின் வழி வந்தது என்கிறார்கள். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பக்கத்தில் கத்தரிக்காய்ப் புளிக்கூட்டு. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆம்பூர் பிரியாணிக்கும் குறியீடு வாங்கும் முயற்சி நடந்தது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. மாட்டின் தோலில் எழுந்த ஊர் ஒன்றில், அந்த மாட்டைத் தின்று வாழ்ந்தவரின் தட்டை விழாவுக்கு வெளியே வைக்கப் பார்த்தார்கள். மரபு என்ற சொல்லை அரசு எப்படிச் சலித்து எடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வரப்போவது தோலாகவே இருக்குமா என்பதும் சந்தேகம். மாநில அரசின் 2022ஆம் ஆண்டுக் காலணிக் கொள்கை தோலல்லாத காலணிகளுக்குக் கதவைத் திறந்தது. செய்யாறில் ஏற்கெனவே விளையாட்டுக் காலணி ஆலை. பனப்பாக்கத்தில் தைவான் நிறுவனம் ஒன்று வருகிறது. துணி, நுரை, ரப்பர் வைத்துச் செய்யும் ஷூவுக்குப் பாலாறும் வேண்டாம், ஆவாரையும் வேண்டாம். தைக்கத் தெரிந்த பெண்கள் போதும். வேலைக்கு நல்லது. நூற்றைம்பது ஆண்டுகளின் உப்பை அந்த ஷூ எடுத்துப் போகாது.

என் முடிவு இது. பாலாற்றுத் தோல் ஒரு மண்ணின் பொருள்தான். அதற்கு ஊர்ப் பெயர் கேட்கும் உரிமை இந்தப் பள்ளத்தாக்குக்கு உண்டு. ஆனால் டோரோவின் எல்லைக்கோடு திராட்சையை மட்டும் காக்கவில்லை, சரிவையும் காத்தது. இங்கே எல்லைக்கோடு போடுவதாக இருந்தால் கிணறுகளும் அதற்குள் வர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் சுற்றிய ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும் அந்த ஊர்க் கிணற்று நீரின் உப்பு அளவை மாதந்தோறும் எழுதி வைக்கட்டும். திண்ணையில் தைக்கும் பெண்ணுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கொடுக்கட்டும். 29,193 பேரில் பாக்கி இருப்பவர்களின் பணத்தை, உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கொடுத்துத் தீர்க்கட்டும். பெட்டியின் மேல் ஆம்பூர் என்று அச்சடிப்பதை அதற்குப் பிறகு பேசலாம்.